தொட்டிக்குள் இறங்கிய அனைவருக்கும்

மார்ச் 4

தம்பிக்கு,

எங்கள் காகித ஆலை கேட்டில் ஒட்டியிருக்கும் அறிக்கையின் நாலாவது வாக்கியத்தை எழுதியது நீதான்.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். தினம் எட்டு மணி நேரம் தாளைப் புரட்டி, சுருக்கம் விழுந்தது, கறை பட்டது, ஓரம் கிழிந்தது என்று பிரித்துப் போடுகிறவள் நான். ஆயிரம் தாளுக்கு நடுவில் ஒன்று வேறு உருளையிலிருந்து வந்திருந்தால் விரலே சொல்லிவிடும். அறிக்கையில் மொத்தம் ஏழு வாக்கியம். ஆறு எங்கள் ஆபீசில் எழுதியது. 'ஆழ்ந்த வருத்தம்', 'எதிர்பாராத நிகழ்வு' என்று வழக்கமான வழவழா கொழகொழா. நாலாவது மட்டும் வேறு கை. ஒரு எழுத்து மாறாமல் கீழே தருகிறேன்:

"பராமரிப்பின்போது கூழ்த் தொட்டிக்குள் இறங்கிய பதிவுபெற்ற தொழிலாளர் அனைவருக்கும் சுவாசக் கருவி வழங்கப்பட்டிருந்தது."

இன்றுதான் வேலைக்குத் திரும்பினேன். புருஷன் செத்தால் எட்டு நாள் லீவு. கேட்டில் நின்று மூன்று தடவை படித்தேன். பின்னால் இருந்தவள், "நகரும்மா, எங்களுக்கும் கண்ணு இருக்கு" என்றாள். பிறகு நான் யார் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு வருஷமாக வாரம் ஒரு பத்தி அனுப்பினாயே. நீ படிக்கிற அந்த நூறு வருஷத்துத் தர்க்கக் கட்டுரைகளைத் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் உனக்கே புரிகிறது என்று. நானும் சாப்பாட்டு இடைவேளையில் படித்து, கழித்துப் போட்ட தாளில் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினேன். 'எல்லா' என்ற சொல்லைப் பற்றிய பத்தி முடிந்த சமயம் நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். உன் மச்சானிடம் சொன்னாய்: "மச்சான், உங்ககிட்ட இருக்கிற கார் எல்லாம் சிவப்புன்னு சொல்லுங்க. அது உண்மை." அவர், "எங்கிட்ட காரே இல்லையேடா" என்றார். "அதனாலதான் உண்மை. சிவப்பா இல்லாத உங்க கார் ஒண்ணைக் காட்டுங்க பாப்போம். முடியாதுல்ல?" ஒரு வாரம் சிரித்தார் மனுஷன். கூட வேலை செய்யும் கேங் முழுக்கச் சொல்லி, கடைசியில் அவர்கள் இவரையே 'சிவப்புக் காரு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கூழ்த் தொட்டிக்குள் பதிவுபெற்ற ஆள் ஒருவர்கூட இறங்குவதில்லை. எந்தக் காலத்திலும் இறங்கினதில்லை. இறங்குவது அவரை மாதிரி காண்ட்ராக்ட் ஆட்கள். ஆகவே அந்த வாக்கியம் உன் பாடத்தின்படி சத்தியமான உண்மை. இப்படி ஒரு உண்மையைச் செய்ய இந்தக் கம்பெனியில் வேறு யாருக்குத் தெரியும்? நீ வாசகம் திருத்தப் போகும் தலைமை அலுவலகம்தானே எங்களுக்கும் தலைமை அலுவலகம்?

ஃபோன் பண்ணாதே. பேச்சில் நீ என்னை மடக்கிவிடுவாய். எழுது. எழுதியது நீயா இல்லையா?

அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதவில்லை. திருத்தினேன்.

இதைப் படித்ததும் உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சட்டப் பிரிவில் எனக்கு வாரம் மூன்று பிற்பகல் வேலை. ஜன்னல் இல்லாத அறை, இரண்டு மேஜை, எப்போதும் சூடாக ஓடும் ஒரு நகல் இயந்திரம். ஒப்பந்தம், சுற்றறிக்கை, பதில் கடிதம் எல்லாம் என்னிடம் வரும். இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கும் ஓட்டைகளை நான் அடைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அதிகாரி ஒரு தாளோடு வந்தார். ஊர் இல்லை, ஆள் பெயர் இல்லை. 'கூழ்த் தொட்டி' என்று மட்டும் இருந்தது. நிறுவனத்துக்கு ஒன்பது ஆலை, அக்கா. வரைவில் இருந்தது: "பராமரிப்பின்போது கூழ்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளர் அனைவருக்கும் சுவாசக் கருவி வழங்கப்பட்டிருந்தது."

"இது பொய்ப்பா. நாளைக்கு விசாரணைன்னு வந்தா நிக்காது. பொய் இல்லாம ஆக்கிக் குடு" என்றார்.

நான் ஒரு சொல் சேர்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஆறு மணிக்கு உன் ஃபோன் வந்தது.

வந்து மச்சானுக்குத் தோள் கொடுத்தேன். மூன்று நாள் உன் வீட்டில் இருந்தேன். உன்னிடம் சொல்ல இரண்டு தடவை வாய் எடுத்தேன். ஒரு தடவை யாரோ வந்துவிட்டார்கள். இன்னொரு தடவை யாரும் வரவில்லை. நானே எழுந்து வெளியே போய்விட்டேன்.

தம்பி

*

மார்ச் 16

தம்பி,

மூன்று மணிக்கு உன் மேஜைக்கு வந்திருக்கிறது. எனக்கு ஐந்தே முக்காலுக்குத்தான் சொன்னார்கள்.

இதை நீ ஏதோ நேர விவரம் மாதிரி எழுதிவிட்டுப் போய்விட்டாய். நான் அந்தத் தொட்டியிலிருந்து இருநூறு அடி தள்ளி உட்கார்ந்து தாள் புரட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு அவரை வெளியே எடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் நான் சாப்பிட்டேன். பக்கத்து மேஜைக்காரி ஏதோ சொன்னதற்குச் சிரித்தேன். பெண்டாட்டிக்குச் சொல்வதற்கு முன்னால் வாக்கியத்தைத் திருத்த ஆள் தேடியிருக்கிறார்கள். கிடைத்த ஆள் நீ.

நீ உள்ளே வந்து பார்க்காத இடம், அதனால் சொல்கிறேன். இயந்திரம் நாலு நாள் நின்றால் தொட்டியில் தங்கிய கூழ் அழுகிவிடும். முதலில் கெட்டுப்போன முட்டை வாடை வரும். "வாடை அடிச்சா பயமில்ல, நின்னாத்தான் பயம்" என்பார் அவர். மூக்கு மரத்துவிட்டது, அடுத்தது நெஞ்சு என்று அர்த்தம். எங்கள் வருகை மிஷினில் விரல் வைத்துப் பதிவாகும். அவர்கள் வருகை கேட் ஓரத்துக் கரும்பலகையில் சாக்பீசால் எழுதப்படும். ஷிப்ட் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். அன்று காலை நான் உள்ளே போகும்போது மூன்றாவதாக அவர் பெயர் இருந்தது. நான் வெளியே ஓடி வந்தபோது பலகை ஈரமாக இருந்தது.

இப்போது ஆலை விசாரணைக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது தெரியுமா? இறந்தவர் 'அனுமதியின்றி வளாகத்தில் இருந்த வெளியாள்'. உன் வாக்கியத்துக்கு அடுத்த வரியே அதுதான். இறங்கியவர் எல்லோருக்கும் கருவி கொடுத்தாயிற்று. இவரிடம் கருவி இல்லை. அப்படியென்றால் இவர் வேலைக்காக இறங்கியவரே இல்லை, தானாகப் போய் விழுந்தவர். பன்னிரண்டு வருஷம் அந்தத் தொட்டியைக் கழுவிய மனுஷன் திருட வந்தவர் ஆகிவிட்டார்.

கேங் ஆட்கள் நாலு பேரையும் மறுநாளே லாரி ஏற்றி வேறு ஊர் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருவர் மட்டும் ஃபோனை எடுத்தார். "தங்கச்சி, எனக்கும் புள்ளைங்க இருக்கு, என்னை விட்டுடும்மா" என்று வைத்துவிட்டார். நான் சொன்னால் பெண்டாட்டி சொல்வது செல்லாதாம்.

ஏப்ரல் 9 விசாரணை. வா. அந்தச் சொல்லை யார் சேர்க்கச் சொன்னார்கள், ஏன் என்று சொல்லு. வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்கா

*

மார்ச் 24

அக்கா,

நீ கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் அடுத்த கடிதத்தில் கேட்பாய்.

சொல்லைச் சேர்த்ததும் நான் அதிகாரியிடம் கேட்டேன். "சார், பதிவுபெற்ற ஆளுங்க எத்தனை பேர் தொட்டிக்குள்ள எறங்குவாங்க?"

"ஒருத்தனும் எறங்க மாட்டான். அதுக்கெல்லாம் வெளி ஆளுங்க இருக்கானுங்க."

"அப்ப கவலையே இல்ல சார். இந்த வாக்கியத்தை யாராலயும் பொய்யாக்க முடியாது."

"அது எப்பிடிப்பா?"

நான் விளக்கினேன். எந்த உதாரணத்தைச் சொன்னேன் என்று நீ ஊகித்திருப்பாய். சிவப்புக் கார். மச்சானைச் சிரிக்க வைத்த அதே வார்த்தைகள், அதே இடத்தில் நிறுத்தி. அதிகாரி மேஜையைத் தட்டிச் சிரித்தார். "மூளைக்காரன்யா நீ" என்று அவரே போய் எனக்கும் சேர்த்து டீ எடுத்து வந்தார். சந்தோஷமாக இருந்தது, அக்கா. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு வருஷமாக நான் படிப்பது எதற்கு உதவும் என்று எல்லோரும் கேட்டார்கள். அன்றுதான் முதல்முறை ஒருத்தர் கேட்கவில்லை.

நாங்கள் படிக்கும் நூல்களில் ஆரம்பப் பாடமே இதுதான்: ஒரு வாக்கியத்தின் உண்மை வேறு, அதைச் சொல்பவனின் மனசு வேறு. உண்மையை மனிதர்களின் விருப்பு வெறுப்பிலிருந்து காப்பாற்றத்தான் அப்படிப் பிரித்தார்கள். அதில் இன்னும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதை வைத்து நான் என்ன செய்தேன் என்பதும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்து எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

விசாரணைக்கு வந்தால் வேலை போகும். அது போகட்டும். ஆனால் என் ஆய்வு இடமே நிறுவனத்தின் அறக்கட்டளை கொடுப்பது. மூன்று அத்தியாயம் முடித்துவிட்டேன், இன்னும் இரண்டுதான். நீ பத்தாவதோடு படிப்பை விட்டு என்னைப் படிக்க வைத்தாய். அது மொத்தமும் வீணாகப் போகலாமா? வேறு வழி இருக்கிறதா என்று யோசி. வர மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசி என்கிறேன்.

தம்பி

*

மார்ச் 29

தம்பி,

உன் கடிதத்தை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. டீயை அவர் கையால் வாங்கிக் குடித்தாயே என்று திரும்பத் திரும்ப ஓடியது. சரி. அதை விடுகிறேன். விட முடியவில்லை, ஆனாலும் விடுகிறேன்.

வீணாகிவிடும் என்கிறாயே, அதற்கு முதலில் பதில். நான் உனக்காகப் படிப்பை விடவில்லை. அப்பா நிறுத்தினார். "பொட்டப்புள்ளைக்கு இது போதும்" என்றார். நான் கத்தி அழுதேன். நீ அப்போது ஐந்தாவது. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாய். அதைத் தியாகம் என்று பிற்பாடு பேர் மாற்றியது நீ. அப்படி இருந்தால்தான் உனக்குப் படிக்க வசதியாக இருந்தது. நானும் சும்மா இருந்தேன், நல்ல பேர்தானே என்று.

இன்னொன்று. உன் மூன்றாவது அத்தியாயத்தைத் தமிழில் அனுப்பியிருந்தாய். அதில் ஒரு கேள்வி வருகிறது: 'இல்லாத காரைப் பற்றி ஒருவன் ஏன் பேச வேண்டும்? கேட்பவன் கார் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தானே?' உன் ஆசிரியர் பாராட்டியது அந்த இடத்தைத்தான் என்று நீயே எழுதினாய். அது என் கேள்வி. சாப்பாட்டு ரூமில் உட்கார்ந்து, மூலை மடங்கிய தாளில், தீர்ந்துபோன பேனாவை உதறி உதறி எழுதினேன். உன் அத்தியாயத்தில் எப்படி இருக்கிறது? 'இங்கே ஒருவர் கேட்கலாம்.' யாருடா அந்த ஒருவர்? அந்த ஒருவருக்கு வீடு வாசல், பேர் ஊர் ஒன்றும் இல்லையா? அன்று எனக்கு இது உறைக்கவே இல்லை. பெருமையாகக்கூட இருந்தது. பலகையிலிருந்து அவர் பேரைத் துடைத்த பிறகுதான் உறைத்தது.

அந்தக் கேள்விக்கு நீ என்ன பதில் சொல்லியிருக்கிறாய் என்றும் பார்த்தேன். 'அது தர்க்கத்துக்கு வெளியே உள்ள பிரச்சினை.' அரை வரியில் தூக்கி வெளியே போட்டுவிட்டாய். அந்த வெளியில்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

அவர் ஒரு வேலைக்காரராகச் செத்தார் என்று ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான். சின்னவளுக்கு ஆறு வயசு. நாளைக்கு எவனாவது அவளிடம், உங்கப்பன் ஆலைக்குள் புகுந்து செத்தவன்தானே என்றால் அவள் எதைக் காட்டுவாள்?

அதிகாரி உன்னிடம் சொன்னாரே, "ஒருத்தனும் எறங்க மாட்டான், வெளி ஆளுங்க இருக்கானுங்க" என்று. அந்த ஒரு பேச்சு போதும். அதை நேரில் வந்து சொல். 9ஆம் தேதி, காலை பத்து மணி.

அக்கா

*

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

9ஆம் தேதி என்னால் வர முடியாது. அன்று துறையில் என் மூன்றாவது அத்தியாயத்தை முன்வைக்க வேண்டும். தேதியை மாற்றிக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். கேட்டேன் என்றால், ஒரு தடவை கேட்டேன்.

ஆனால் கைவிட்டேன் என்று நினைக்காதே. வாக்குமூலம் எழுதி விசாரணை அலுவலருக்கே நேராக அனுப்பிவிட்டேன். நாலு பக்கம். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். எதிர்த்தரப்பு பிடித்துத் தொங்க ஒரு ஓட்டைகூட இல்லை. அந்த வாக்கியம் எப்படி ஒன்றுமே சொல்லாமல் எல்லாம் சொன்ன மாதிரி நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நேர்மையான நாலு பக்கம் அது.

உன் கேள்விக்கு அத்தியாயத்தில் அடிக்குறிப்பு போடுகிறேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

தம்பி

*

ஏப்ரல் 10

தம்பி,

விசாரணை நடந்த அறையைச் சொல்கிறேன். நீதான் எதையும் எழுத்தில் பார்த்தால்தானே நம்புவாய்.

மாடியில் நீள மேஜை. மின்விசிறி ஓட ஓட, காகிதம் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு தண்ணீர் கிளாஸ். சின்னவளை விட்டுவர ஆள் இல்லாததால் கூட்டிப் போனேன். அலுவலர் உன் வாக்குமூலத்தை எடுத்தார். முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்.

"முதலில் தெளிவுபடுத்த வேண்டியது: மேற்படி வாக்கியம் உண்மை."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "அம்மா, இதை எழுதினவர் உங்க கூடப்பிறந்த தம்பிதானே?"

"ஆமா."

"தர்க்கம்தானே படிக்கிறார்?"

"ஆமா."

"அவரே உண்மைன்னு எழுதியிருக்காரே, அப்புறம் நீங்க என்னம்மா பொய்ங்கறீங்க?"

நான், "அடுத்த பக்கமும் படிங்க சார்" என்றேன். அலுவலர் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் காலி வகை, முழு வகை என்று என்னவோ. "பாடம் மாதிரி இருக்கே" என்றார். யாரோ சிரித்தார்கள். நாலு பக்கத்தையும் கட்டின் அடியில் செருகி, மேலே கிளாசை வைத்துவிட்டார்.

வெளியே வந்து நகல் வாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். நான் உன் பத்திகளைப் படித்துப் பழகியவள், எனக்குப் புரிந்தது. மூன்றாம் பக்கத்தில் அந்த வாக்கியத்தை நீ உடைத்து நொறுக்கியிருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது. மூன்றாம் பக்கம் வரை எவன்டா படிப்பான்? அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதற்கப்புறம் ஆறு வழக்கு இருந்தது. 'உண்மை' என்று தொடங்காமல் உன்னால் தொடங்க முடியவில்லையா? உன் மச்சான் செத்த வழக்கில்கூட?

அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். உனக்கு அப்படித்தான் எழுத வரும், பழக்கம். ஆனால் நாலாம் பக்கத்தில் ஒன்று பார்த்தேன். 'பதிவுபெற்ற தொழிலாளர் எவரும் தொட்டிக்குள் இறங்குவதில்லை என்றால், இவ்வாக்கியம் எதையும் நிறுவவில்லை.' என்றால்! அதிகாரி உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதை நீ எங்கேயுமே சொல்லவில்லை. அவர் பேர் இல்லை, அந்தப் பேச்சு இல்லை, நீ கேட்டது இல்லை. எல்லாம் தெரிந்தவன், தெரியாதவன் மாதிரி 'என்றால்' போட்டு எழுதியிருக்கிறாய். நாலு தடவை படித்தேன். இது படிப்புப் பழக்கத்தில் வந்ததா, பயத்தில் வந்ததா? உன் எழுத்தில் எது தப்பென்றாலும் என் விரலுக்குத் தெரியும். இது தெரியவில்லை.

தீர்ப்பு வந்தால் முப்பது நாளுக்குள் மேலே போகலாமாம். நேரில் வா. 'என்றால்' இல்லாமல் சொல்.

அக்கா

*

மே 2

தம்பி,

தீர்ப்பு வந்துவிட்டது. 'வெளியாள்' என்றே எழுதியிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தில் அவர் பேர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் எழுத்துப் பிழையோடு.

மேல்முறையீட்டுக்கு உன் கையெழுத்து வேண்டும். எழுது.

அக்கா

*

ஜூன் 6

தம்பி,

மே மாதக் கடிதத்தை நீ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதற்கு அட்டை வந்துவிட்டது. ஆகவே கிடைக்கவில்லை என்று இருக்க முடியாது. முப்பது நாள் முடிந்து, கோப்பை மூடிவிட்டார்கள். வாரப் பத்தியும் வருவதில்லை. இடைவேளையில் என்ன செய்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

ஒருவேளை நீ வெட்கத்தில் எழுதாமல் இருக்கலாம். இல்லை, அத்தியாயம் நாலு எழுதிக்கொண்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். உனக்கு என்ன ஆயிற்று என்று ஒரு அக்காவாகக் கவலைப்படவும் செய்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நேற்று தொட்டியை மறுபடி கழுவினார்கள். புது காண்ட்ராக்டர், புது ஆட்கள். ஐந்து பேர். ஒருவருக்கும் கருவி இல்லை. கேட்டில் உன் வாக்கியம் அப்படியேதான் ஒட்டியிருக்கிறது, மழையில் ஓரம் மட்டும் உரிந்திருக்கிறது. உள்ளே போகும்போது பலகையில் இருந்த ஐந்து பேரையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மேற்பார்வையாளன் பார்த்துவிட்டான். "என்னம்மா எழுதற?" "பேரு." "எதுக்கு?" "வெச்சுக்கத்தான்." முறைத்துவிட்டுப் போனான். அடுத்த தடவை என் வேலைக்கும் ஏதாவது வாக்கியம் செய்வார்கள். செய்யட்டும்.

உன்னிடம் இனி விசாரணைக்கு வா, மேலே போக உதவு என்று கேட்கப் போவதில்லை. அதெல்லாம் முடிந்தது. ஒரே ஒரு வரி வேண்டும். யாரிடமும் காட்டமாட்டேன், எந்த ஆபீசுக்கும் கொண்டுபோக மாட்டேன். சின்னவள் பெரியவளானதும் அவள் கையில் கொடுப்பேன், அவ்வளவுதான். என் கேள்வியை அடிக்குறிப்பில் போடுகிறேன் என்றாயே, அது வேண்டாம், இது போதும். ஒரு முழுத் தாளில், உன் கையால் எழுது: 'என் மச்சானைக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கியவர்களுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.'

கீழே கையெழுத்துப் போட்டு, இந்த வாரத்துக்குள் அனுப்பு.

அக்கா